வரப்புப் புல்லை வெட்டிய மறுவாரமே கதிர் நாவாய்ப்பூச்சி வயலில் இறங்கியது ஏன்?

கேள்வி: கன்னடியன்கால் புதியவன்

அனைவருக்கும் வணக்கம். சேரன்மகாதேவிக்குக் கிழக்கே, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக நன்செய் இருக்கிறது. அப்பா காலமான பிறகு சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து நான் பார்க்கும் மூன்றாவது கார் சாகுபடி இது. ஆனி முதல் வாரத்தில் அம்பை 16 என்ற நெல் ரகத்தை நாற்றங்காலில் பாவி, ஆனி கடைசியில் நட்டேன். ஆள் கிடைக்காததால் இரண்டு களையெடுப்பில் ஒன்றுதான் நடந்தது. வரப்பில் ஆடி முழுவதும் யாரும் கை வைக்கவில்லை. ஆவணி பதினைந்து வாக்கில் வயலில் பாதிக் கதிர் வெளிவந்து பூத்துக்கொண்டிருந்தபோது, வரப்பில் குதிரைவாலிப் புல் முழங்கால் உயரத்துக்குக் கதிர் தள்ளி நின்றது. போகிறவர் வருகிறவர் ஏசுவார்களே என்று இரண்டு ஆட்களை வைத்து ஒரே நாளில் வரப்பை மொட்டையாகச் செதுக்கி, புல்லைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

அதற்கு ஐந்தாறு நாள் கழித்துக் காலையில் வயலுக்குள் இறங்கியபோது மூட்டைப்பூச்சி நாற்றம் முகத்தில் அடித்தது. கதிரைத் தொட்டால் ஒல்லியான, நீண்ட காலுள்ள பச்சைப் பழுப்புப் பூச்சிகள் பறந்து நாலு கதிர் தள்ளி உட்கார்ந்தன. போன வாரம் அறுத்துத் தூற்றியதில், வரப்பை ஒட்டிய பகுதியின் நெல்லில் பதர் மிகுதியாகவும், தப்பிய மணியில் பழுப்புப் புள்ளியுமாக இருந்தது. வயலின் நடுவில் அந்த அளவுக்கு இல்லை. மருந்துக் கடையில் கேட்டபோது, களைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை, விதைதான் சரியில்லை என்று சொல்லி இரண்டு பாட்டில் கொடுத்தார்கள். பக்கத்து வயல்காரரோ, தண்டுத்துளைப்பான், ஆனைக்கொம்பன், புகையான் என்று நெல்லுக்கு வரும் எல்லாப் பூச்சியுமே புல்லில்தான் குடியிருக்கிறது, வரப்பைத் தீ வைத்துக் கொளுத்து என்கிறார். அப்பா வரப்பில் அருகம்புல்லை ஒருநாளும் முழுதாக எடுக்கவிட மாட்டார் என்பதும் நினைவிருக்கிறது. இந்த மூன்றில் எது சரி? அடுத்த போகமான பிசானத்துக்கு நாற்றுப் பாவும் வேலை தொடங்கப்போகிறது என்பதால், எந்தப் புல்லை எப்போது எடுக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: ஓய்வுபெற்ற விரிவாக்க அலுவலர், அம்பாசமுத்திரம்

தம்பி, பூச்சி விதையிலிருந்து வரவில்லை. நீங்கள் வரப்பில் வளர்த்த பூச்சியை நீங்களே வயலுக்குள் விரட்டிவிட்டீர்கள். சொல்வதற்கு வருத்தமாக இருந்தாலும் நடந்தது அதுதான்.

கதிர் நாவாய்ப்பூச்சிக்கு வேண்டியது இலையோ தண்டோ அல்ல. பால் பிடித்த மணி. நெல்லில் அந்தப் பால் பதினைந்து இருபது நாள்தான் இருக்கும். மீதி நாளெல்லாம் அது எங்கே போய்ப் பிழைக்கும்? குதிரைவாலிப் புல்லின் ஒரு கதிரைக் கிள்ளி, அதன் சின்ன மணியை நகத்தால் நசுக்கிப் பாருங்கள். நெல்லில் வருவதைப் போலவே வெள்ளைப் பால் கசியும். அந்தப் புல் முளைத்து ஒன்றரை மாதத்துக்குள் கதிர் தள்ளி முதிர்ந்துவிடும். ஆகவே உங்கள் நெல் பூக்குமுன்பே வரப்பில் பந்தி பரிமாறப்பட்டுவிட்டது. நாவாய்ப்பூச்சி இலையின் மேல் பத்திலிருந்து இருபது முட்டைகளை வரிசையாக ஒட்டி வைக்கும். ஒரு பெண் பூச்சி மொத்தத்தில் 200க்கு மேல் இடக்கூடும். முட்டை பொரித்து, குஞ்சு ஐந்து முறை தோலுரித்து, சிறகு முளைத்து முழுப் பூச்சியாக ஏறத்தாழ ஒரு மாதம் ஆகிறது. ஆடி முழுவதும் வரப்பில் கை வைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு தலைமுறை வளர்ந்து முடிய அந்த அவகாசம் போதும்.

வெட்டாமலே விட்டிருந்தாலும், புல்லின் மணி இறுகியதும் ஒரு பகுதி நெல்லுக்கு வந்திருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நெல் பூக்கும் அதே நாளில் ஒரே மூச்சில் வரப்பை மொட்டையடித்ததால், பத்து நாளில் பரவலாக வரவேண்டியது ஒரே இரவில் ஓரத்து நெல்லில் ஏறியிருக்கிறது. பதர் வரப்போரம் மிகுந்தும் நடுவில் குறைந்தும் இருந்தது என்று நீங்கள் கவனித்திருப்பதே இதற்குச் சாட்சி. விதைக் குறையாக இருந்தால் அது வயல் முழுவதும் ஒரே சீராகத் தெரிந்திருக்கும்.

வரப்பைச் செதுக்க வேண்டிய நேரம், புல் கதிர் தள்ளுவதற்கு முன்பு. நட்ட இருபதாம் நாளில் ஒருமுறை, நெல் பொதி கட்டும்போது, அதாவது கதிர் உறைக்குள் திரளும்போது ஒருமுறை. அந்த இரண்டையும் தவறவிட்டு, நீங்கள் நின்ற நிலையில் நிற்க நேர்ந்தால், வெட்டுவதற்கு முன் விடியற்காலையில் கைவலையை வரப்புப் புல்லின் மேல் வீசிப் பூச்சிகளைப் பிடித்து அழித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் அவை தூருக்குள் நிழல் தேடிப் போய்விடும், வலையில் சிக்காது. பிறகும் ஒரே நாளில் வெட்டாமல், இன்று ஒரு வரப்பு, இரண்டு நாள் கழித்து அடுத்தது என்று எடுக்கலாம்.

மருந்து வேண்டுமா என்பதை நாற்றத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. எண்ணிப் பார்க்க வேண்டும். பூக்கும் பருவத்தில் நூறு கதிருக்கு ஐந்து பூச்சி, பால் பிடித்த பிறகு நூறு கதிருக்குப் பதினாறு என்பதுதான் நாங்கள் சொல்லிவந்த பொருளாதாரச் சேத அளவு. முதலில் ஐந்து சத வேப்பங்கொட்டைச் சாற்றைத் தெளித்துப் பாருங்கள். ஏக்கருக்கு 10 கிலோ கொட்டையை இடித்து, இரவு ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து 200 லிட்டராக்கினால் போதும். மாலையில் தெளிப்பது நல்லது.

உங்கள் பக்கத்து வயல்காரர் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு. இலைச்சுருட்டுப் புழுவும் ஆனைக்கொம்பன் ஈயும் அருகம்புல்லில் இருந்து நெல்லுக்கு வருவதாகவே எங்கள் காலத்துப் பயிற்சிக் கையேடுகளில் படித்திருக்கிறோம். எனவே அருகை விட்டுவைக்க வேண்டாம்.

பதில் 2: கிள்ளிகுளத்தில் பூச்சியியல் படிப்பவள்

ஐயா எழுதியதில் நாவாய்ப்பூச்சி பற்றிய பகுதியை அப்படியே ஏற்கிறேன். ஆனைக்கொம்பன் பற்றி மட்டும் மரியாதையோடு மாறுபட வேண்டியிருக்கிறது. ஏனெனில் அதை நம்பித்தான் பலர் வரப்பைக் கொளுத்துகிறார்கள்.

ஆனைக்கொம்பன் தாக்கிய தூரில் குருத்து வெங்காயத் தாள் போலக் குழலாக நீளும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே போன்ற குழல் சில புற்களிலும் வருவதைப் பார்த்து, இரண்டும் ஒரே ஈ என்று முன்பு எழுதிவிட்டார்கள். பின்னர் வளர்த்தும் ஒப்பிட்டும் பார்த்தபோது, புல்லில் வாழும் ஈக்களில் பல அதே பேரினத்தைச் சேர்ந்த வேறு இனங்கள் என்று தெரியவந்தது. அவற்றை நெல்லில் விட்டால் பெருகுவதில்லை. நெல்லின் ஆனைக்கொம்பன் கோடையைக் கழிப்பது முக்கியமாகக் காட்டு நெல்லிலும், அறுவடைக்குப் பின் துளிர்க்கும் மறுதாம்பிலும், வாய்க்கால் ஓரத்தில் தானாக முளைத்த நெல்லிலும்தான். மேற்கு ஆப்பிரிக்காவில் இதை இன்னும் நுட்பமாகக் கண்டிருக்கிறார்கள். அங்கே நெல்லைத் தாக்கும் கொம்பன் ஓர் இனம். நாம் வரகு என்று சொல்லும் அதே செடி களையாக நிற்கும்போது அதில் வாழும் கொம்பன் வேறோர் இனம். ஆனால் இரண்டையும் தின்னும் ஒட்டுண்ணிக் குளவிகள் பொதுவானவை. அதாவது அந்தக் களை நெல்லின் எதிரியை வளர்க்கவில்லை. எதிரியின் எதிரியை வளர்த்துக்கொண்டிருந்தது. நம் ஊர் வரப்பிலும் இதை அப்படியே பொருத்திவிட முடியாது என்றாலும், குழலைக் கண்டதும் புல்லைக் கொளுத்துவதற்கு முன் யோசிக்க இது போதுமான காரணம்.

புகையானும் இப்படித்தான். ஈரப்பாங்கான வாய்க்கால் கரையில் வரும் லீர்சியா என்ற புல்லில் புகையான் போலவே ஒரு தத்துப்பூச்சிக் கூட்டம் இருப்பதைப் பிலிப்பைன்ஸில் கண்டு, அது நெல்லுக்கு வரும் என்று அஞ்சினார்கள். இந்தப் பூச்சிகள் செடியின் தண்டை அதிரவைத்துத்தான் துணையை அழைக்கும். புல் கூட்டத்தின் அதிர்வும் நெல் கூட்டத்தின் அதிர்வும் வேறுவேறு; ஒன்றின் அழைப்பு மற்றொன்றுக்குப் பிடிபடுவதில்லை, அதனால் அவை கலப்பதும் அரிது. நெல் புகையானுக்கு நெல்தான் வீடு. மஞ்சள் தண்டுத்துளைப்பானுக்கும் நெல்லையும் காட்டு நெல்லையும் விட்டால் போக்கிடம் இல்லை. அது அறுவடைக்குப் பின் தாள்கட்டையின் அடியில் புழுவாகக் கிடக்கும். அதற்கு வரப்பைச் செதுக்கிப் பயன் இல்லை. கட்டையை உடனே உழுது மடக்கினால் பயன் உண்டு. ஆனால் இளஞ்சிவப்புத் தண்டுத்துளைப்பான் என்று இன்னொன்று இருக்கிறது. அது கரும்பு, கேழ்வரகு, மக்காச்சோளம், குதிரைவாலிப் புல் என்று எதையும் விடாது. துளைப்பான் தாக்கி வெளுத்த குருத்தைப் பிளந்து உள்ளே இருக்கும் புழுவின் நிறத்தைப் பார்த்தால், பழி புல்லுக்கா கட்டைக்கா என்று தெரிந்துவிடும்.

களையோடு உண்மையாகவே உறவு கொண்டாடுபவை சில உண்டு. இலைச்சுருட்டுப் புழு குதிரைவாலியிலும் வேறு பல வரப்புப் புற்களிலும் இலையை மடித்துப் பச்சையத்தைச் சுரண்டும். இதில் ஐயா சொன்னது சரி. நீர் தேங்கும் வயலில் கூண்டுப் புழுவும், நாற்றங்காலில் இலைப்பேனும் புற்களில் தங்கி நெல்லுக்கு வரக்கூடியவை. பச்சைத் தத்துப்பூச்சியில் இரண்டு இனங்கள் நம் பக்கம் கலந்தே காணப்படும்: ஒன்று நெல்லையே விரும்புவது, மற்றது புல்லில் நன்றாகப் பெருகுவது. துங்ரோ என்ற நெல் நோயின் நச்சுயிரைப் பெரிதும் பரப்புவது நெல்லை விரும்பும் முதல் இனம்தான். ஆகவே வரப்பில் பச்சைத் தத்துப்பூச்சி குதித்த உடனே துங்ரோ வந்துவிட்டது என்று அலற வேண்டியதில்லை.

பதில் 3: பாளையங்கால் கடைமடைக்காரன்

படித்தவர்கள் இருவரும் எழுதிய பிறகு, சேற்றில் நிற்பவன் ஒரு சொல் சேர்த்துக்கொள்கிறேன். எங்கள் வயல்பத்து கடைமடை, கால்வாயின் கடைசிப் பகுதி. தலைமடையில் நட்டுப் பதினைந்து இருபது நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தண்ணீர் வந்து சேரும். ஆகவே மேலே நெல் முற்றும்போது எங்கள் நெல் பால் பிடிக்கிறது. மேலே இருந்த நாவாய்ப்பூச்சிக்கு அடுத்த பந்தி நாங்கள்தான். இதில் நான் மட்டும் வரப்பைச் செதுக்கி என்ன ஆகப்போகிறது என்ற சலிப்பு ஒவ்வொரு போகத்திலும் வரும்.

ஆனாலும் எங்களுக்குப் பெரிய தொல்லை நாவாய்ப்பூச்சி அல்ல, மாவுப்பூச்சி. தண்ணீர் முறை வைத்து விட்டு, பத்து நாள் வயல் காய்ந்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாக வட்ட வட்டமாகப் பயிர் குட்டை விழுந்து வெளிறி நிற்கும். அதைச் சூரை விழுந்துவிட்டது என்போம். இலை உறையை மெல்ல உரித்தால் உள்ளே தண்டைச் சுற்றி வெள்ளை மாவு அப்பியது போல இருக்கும். விரலால் தேய்த்தால் செம்மை படரும். பல வருடம் அதை மண்ணின் குறை என்று நினைத்துத் தொழு உரம் கொட்டினேன். ஒரு கோடையில் வரப்பில் குதிரைவாலித் தூர் ஒன்றைச் சும்மா உரித்துப் பார்த்தபோது அதே வெள்ளை மாவு உள்ளே இருந்தது. எந்த வரப்பில் அந்தத் தூர் இருந்ததோ, அதையொட்டித்தான் அந்தப் பிசானத்தில் முதல் சூரை விழுந்தது. இப்போது அந்தப் புல்லைக் கோடையிலேயே வேரோடு பிடுங்கிக் குழியில் போட்டு மூடிவிடுகிறேன். மாட்டுக்குக் கொண்டுபோனால் வழியெல்லாம் உதிரும்.

தம்பிக்கு இன்னொன்று. குதிரைவாலி வரப்பிலிருந்து மட்டும் வருவதில்லை. நாற்றங்காலிலிருந்தே நாம்தான் நாற்று முடியோடு சேர்த்துக் கட்டி எடுத்துக்கொண்டு போய் வயலில் நடுகிறோம். இளநாற்றில் இரண்டும் இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்கும். இலையும் தண்டின் உறையும் சேருமிடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நெல்லில் அங்கே மெல்லிய சவ்வு நாக்குப் போல நீட்டிக்கொண்டிருக்கும், பக்கத்தில் மயிரோடு சிறு காது மாதிரி வளைவும் இருக்கும். குதிரைவாலியில் நாக்கும் இல்லை, காதும் இல்லை, வழுவழுவென்று இருக்கும். நாற்றுப் பறிக்கும் பெண்களுக்கு இது கண்ணை மூடிக்கொண்டே தெரியும். எனக்குச் சொல்லித் தந்ததும் அவர்கள்தான்.

அருகை எடு என்று ஐயா சொன்னதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அருகு போன வரப்பு ஒரு மழைக்குத் தாங்காது. கரை உடைந்து, நண்டு வளை வைத்து, உரம் போட்ட தண்ணீர் அடுத்த வயலுக்குப் போனால் அந்த நட்டத்தை எந்தப் பூச்சிக் கணக்கில் எழுதுவது? தம்பியின் அப்பா காரணம் தெரிந்துதான் விட்டுவைத்திருப்பார். அதை ஒட்ட வெட்டிக் கட்டையாக வைத்திருந்தால் போதாதா?

பதில் 4: கிள்ளிகுளத்தில் பூச்சியியல் படிப்பவள்

கடைமடை அண்ணாச்சி சொல்வதற்கு இன்னொரு நியாயமும் உண்டு. நெல் இல்லாத மாதங்களில் சிலந்திகளும், தத்துப்பூச்சியின் முட்டையை உறிஞ்சும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியும், முட்டை ஒட்டுண்ணிக் குளவிகளும் அந்தக் கட்டைப் புல்லில்தான் உயிர் பிடித்துக் கிடக்கின்றன. புல்லில் வாழும், நெல்லைத் தொடாத தத்துப்பூச்சிகளின் முட்டையே அவற்றுக்குக் கோடைக்கால உணவு. வரப்பைக் கொளுத்தினால் முதலில் சாவது இவைதான்; நாவாய்ப்பூச்சி பறந்துவிடும், சிலந்தியால் பறக்க முடியாது. பெயரில் நாவாய் இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: கதிரில் இருப்பது விரற்கடை நீளம் உள்ளது, முட்டை உறிஞ்சுவது எறும்பளவுதான்.

ஆகவே அருகம்புல்லைக் கதிர் விடாதபடி கட்டையாக வைத்திருப்பதும், குதிரைவாலியைத் தேடிப் பிடுங்குவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. பிடுங்கிய இடத்தில் உளுந்தோ தட்டைப்பயறோ ஊன்றிவிட்டால், புல் மறுபடி வர இடம் குறையும், பூவுக்கு வரும் குளவிகளுக்கும் தேன் கிடைக்கும்.

பதில் 5: ஓய்வுபெற்ற விரிவாக்க அலுவலர், அம்பாசமுத்திரம்

ஆனைக்கொம்பன் விஷயத்தில் அம்மா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். முப்பது வருடம் ஒரே கையேட்டை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பேசியவன் நான். அருகம்புல்லில் கண்ட குழலைக் கிள்ளி எடுத்து, உள்ளே இருக்கும் ஈயை நெல்லில் விட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை. அருகைக் கட்டையாக வைத்திருங்கள் என்று என் பதிலைத் திருத்திக்கொள்கிறேன். இலைச்சுருட்டு மிகுந்த வருடத்தில் மட்டும் இன்னும் கட்டையாக வெட்டுங்கள்.

கடைமடைக்காரருடைய சலிப்புக்கு என்னிடம் நல்ல மருந்து இல்லை. ஒரு மடைக்குக் கீழ் உள்ளவர்களாவது ஒரே வாரத்தில் நட்டால் பந்தி நீளாது. தண்ணீர் விடுவது நம் கையில் இல்லாதபோது அதையும் எப்படிக் கட்டாயப்படுத்துவது?

கேட்டவர்: கன்னடியன்கால் புதியவன்

ஐயாவுக்கும் அண்ணாச்சிக்கும் தங்கைக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை வயலுக்குப் போய்த் தாள்கட்டையைப் பத்து இடத்தில் பிடுங்கிப் பிளந்து பார்த்தேன். மூன்றில் வெளிர்மஞ்சள் புழு இருந்தது. இளஞ்சிவப்பு ஒன்றும் இல்லை. எனவே உழவுக்கு டிராக்டர் சொல்லிவிட்டேன், வரப்பில் தீ வைப்பதில்லை. வடக்கு வரப்பில் இரண்டு குதிரைவாலித் தூரை உரித்ததில் மாவு எதுவும் தென்படவில்லை.

ஒரு சிக்கல் மட்டும் மீதி இருக்கிறது. என் வயலுக்கு மேற்கே இருப்பது வாய்க்கால் கரை. அது யாருக்கும் சொந்தமில்லை. அங்கே குதிரைவாலி இடுப்பளவு நிற்கிறது, பாதி முற்றி விதை உதிர்ந்தும் விட்டது. அதை நான் வெட்டினால் கேட்பார் யாரும் உண்டா?

பதில் 6: பாளையங்கால் கடைமடைக்காரன்

தம்பி, வெட்டினால் கேட்க ஆள் இல்லை. வெட்டாவிட்டாலும் கேட்க ஆள் இல்லை. கரை மண்ணை மட்டும் கொத்திவிடாதீர்கள், அதற்குக் கட்டாயம் கேட்பார்கள். அரிவாளால் தரையோடு அறுத்து, கதிரை உதறாமல் சாக்கில் கட்டி எடுங்கள். உதிர்ந்த விதை தண்ணீர் விட்ட எட்டாம் நாள் முளைக்கும். அப்போது ஒருமுறை போய்க் கையாலேயே பிடுங்கிவிடலாம். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் கரையில் கால் நிற்காது, அதற்கு முன் முடித்துவிடுங்கள்.